மறந்துபோன மூன்றாவது!

(மேடைப் பேச்சாளர் பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தோழர்களே!

நான் நாடகக்காரன். ஆகவே ஒரு காட்சியோடு தொடங்குகிறேன்.

இடம்: அமெரிக்க நாட்டு மிச்சிகன் மாநிலம். நாள்: 2011 நவம்பர் 9. நேரம்: இரவு. ஒளி வெள்ளத்தில் மிதக்கிறது மேடை. எட்டுப் பேர் வரிசையாக நிற்கின்றனர். எண்மரும் ஒரே கட்சியினர், குடியரசுக் கட்சியினர். எண்மருக்கும் ஒரே வேட்கை, வெள்ளை மாளிகை! கேள்வி கேட்போர் எதிரே அமர்ந்திருக்க, நாடெங்கும் வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னே மக்கள் அமர்ந்திருக்க, நடைபெறுகிறது சொற்போர்.

எண்மரில் ஒருவர் ரிக் பெரி. டெக்சாஸ் மாநிலத்தின் ஆளுநர். ஆளுநர் என்றதும் மேலிருந்து அனுப்பப்பட்டு மாளிகையில் குடியமர்த்தப்படுபவர் என்று எண்ணிவிடாதீர்கள். அங்கே ஆளுநர் என்றால் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர். மும்முறை அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவர் பெரி. அதுவரை எந்தத் தேர்தலிலும் தோல்வி என்பதையே அறியாதவர். அவர் முழங்குகிறார்: நான் பதவிக்கு வந்தால் மத்திய அரசின் மூன்று துறைகளை ஒழித்துக் கட்டுவேன்!

விரல்விட்டு எண்ணத் தொடங்குகிறார். வணிகத் துறை... கல்வித் துறை... அப்புறம்... மூன்றாவது...

மூன்றாவது வரவில்லை! தேடுகிறார், கிடைக்கவில்லை. பக்கத்தில் நிற்கும் ரான் பால், மூன்று போதாது ஐந்து வேண்டும் என்று குறும்பு செய்கிறார். போட்டியாளர் மிட் ராம்னி, சுற்றுச்சூழல் அமைப்போ என்று எடுத்துக் கொடுக்கிறார். அரங்கம் சிரிக்கிறது. கேள்வி கேட்டவர் விடவில்லை: மூன்றாவதன் பெயரைச் சொல்ல முடியவில்லையா? பெரி மீண்டும் முயல்கிறார். கல்வி, வணிகம்... இல்லை, முடியவில்லை. கடைசியில் ஒரு சொல் சொன்னார். 'ஊப்ஸ்!' கையிலிருந்த செம்பு நழுவினால் நாம் 'அடடே' என்போமே, அந்த வகைச் சொல் அது.

எல்லாம் ஏறத்தாழ ஒரு நிமிடந்தான். ஆனால் அந்த ஒரு நிமிடம், பல ஆண்டு ஆட்சியை மறக்கடித்தது. பெரியின் பெயரைச் சொன்னால் ஆளுநர் என்பது நினைவுக்கு வருமுன் 'அடடே' நினைவுக்கு வரலாயிற்று. பத்து வாரங்களில், 2012 சனவரி 19 அன்று, போட்டியிலிருந்தே விலகினார் அவர்.

அந்த மூன்றாவது துறை எது? இப்போது சொல்லமாட்டேன். முடிச்சை முதற்காட்சியிலேயே அவிழ்ப்பவன் நல்ல நாடகக்காரன் அல்லன்! பொறுத்திருங்கள், கடைசியில் சொல்கிறேன். இந்த உரையின் பொருளே அந்த மூன்றாவதில்தான் அடங்கியிருக்கிறது.

நாளை நீங்கள் மேடையேறப் போகிறவர்கள். நாவை நம்பி வாழப் போகிறவர்கள். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு இந்த நாவை நம்பியே வந்தவன் நான். ஆகவே நாவு உயர்த்துவதையும் நாவு வீழ்த்துவதையும் பற்றிப் பேசிக்கொள்ள நமக்கு உரிமை உண்டு, தேவையும் உண்டு. அதற்கு அமெரிக்கத் தேர்தல் களத்தைவிடப் பெரிய பாடநூல் கிடையாது.

அந்தக் களத்தின் அமைப்பை முதலில் கேளுங்கள். அங்கே குடியரசுத் தலைவர் தேர்தல் ஒன்றன்று, இரண்டு. முதலில், கட்சிக்குள் நடக்கும் முதனிலைத் தேர்தல்: எங்கள் கட்சியின் வேட்பாளர் யார் என்று மாநிலம் மாநிலமாக மக்கள் வாக்களிப்பது. பிறகுதான் கட்சிக்கும் கட்சிக்கும் நடக்கும் பொதுத் தேர்தல்.

ஒரு காலத்தில் இந்த முதனிலைத் தேர்தல் ஒப்புக்கு நடந்தது. கட்சிப் பெருந்தலைகள் அறைக்குள் கூடி முடிவெடுத்தனர். 1968இல் வியட்நாம் போரை எதிர்த்து நாடே கொதித்துக் கொண்டிருந்தபோது, ஒரு முதனிலைத் தேர்தலில்கூடப் போட்டியிடாத ஹியூபர்ட் ஹம்ப்ரியைச் சிகாகோ மாநாட்டில் வேட்பாளராக்கியது ஜனநாயகக் கட்சி. வெளியே இளைஞர்களின் மண்டைகளைக் காவலரின் தடிகள் பிளந்தன. அந்த இரத்தம் வீண்போகவில்லை. மக்கவர்ன் தலைமையில் குழு அமைந்தது, விதிகள் மாறின. 1972 முதல் முடிவு சொல்லும் உரிமை அறையிலிருந்து தெருவுக்கு வந்தது. வரவேற்க வேண்டிய மாற்றம்!

ஆனால் உரிமை வந்த கதவு வழியே வேறொன்றும் நுழைந்தது. பெருந்தலைகளை மடக்கினால் போதும் என்றிருந்தவர், இப்போது கோடிக்கணக்கானோரின் கண்ணிலும் காதிலும் இடம்பிடிக்க வேண்டும். ஓராண்டுக்கு மேல் ஊர் ஊராகப் பேச வேண்டும். 2011 மே முதல் 2012 பிப்ரவரி வரை குடியரசுக் கட்சி வேட்பாளர்கள் ஏறிய தொலைக்காட்சி மேடைகள் மட்டும் ஏறத்தாழ இருபது! ஒருவர் பெயர் இன்று உச்சியில், நாளை ஊசிமுனையில். முந்திய நாள் வரை அறியப்படாதவர் ஒரே இரவில் நாடறிந்தவர், அடுத்த திங்களில் நாடு மறந்தவர்!

வைக்கோற்போரில் பற்றிய தீயைப் பார்த்திருக்கிறீர்கள். ஊரையே வெளிச்சமாக்கும், வானைத் தொடும், 'ஐயோ' என்று ஓடிவருவதற்குள் சாம்பலாகிவிடும். ஐயோவா மாநிலத்து ஏம்ஸ் நகரில் குடியரசுக் கட்சியினர் ஒரு தேர்தலே நடத்தினர். அதன் பெயரே வைக்கோல் வாக்கெடுப்பு! முப்பது டாலர் நுழைவுச் சீட்டு. அதை வேட்பாளரே வாங்கிக் கொடுத்து, பேருந்து வைத்து அழைத்துவந்து, கூடாரம் அடித்து விருந்தும் பாட்டும் கொடுத்து வாக்குப் பெறும் திருவிழா. 2011 ஆகஸ்டு 13 அன்று அங்கே வென்றவர் மிஷல் பாக்மன் என்ற அம்மையார். 4,823 வாக்குகள். ஆரவாரம்! அதே நாளில், வேறொரு மாநிலத்திலிருந்து, நானும் போட்டியில் இருக்கிறேன் என்று அறிவித்தார் ரிக் பெரி. அவ்வளவுதான், வெளிச்சம் அங்கே தாவிற்று. அம்மையாரின் நாச்சறுக்கல்களையும் ஏடுகள் அடுக்கின. அமெரிக்க விடுதலைப் போரின் முதல் துப்பாக்கி வெடித்த லெக்சிங்டன், கான்கார்டு ஊர்களை நியூ ஹாம்ப்ஷயரில் வைத்துப் பேசிவிட்டார் அவர். அவை இருப்பது மாசசூசெட்சில். ஐந்து திங்கள் கழித்து அதே ஐயோவாவில் மெய்யான வாக்கெடுப்பு வந்தபோது அவருக்குக் கிடைத்தது ஆறாம் இடம்! மறுநாளே விலகினார். அந்த வைக்கோல் திருவிழாவையே 2015இல் கைவிட்டது கட்சி.

பாக்மனுக்குப் பின் பெரி. பெரிக்குப் பின் ஹெர்மன் கெயின். பீட்சா என்ற ரொட்டிப் பண்டம் விற்கும் நிறுவனத்தின் தலைவராயிருந்தவர், இனிய குரலர், பிறகு 2020இல் மறைந்தவர். அவர் மந்திரம் மூன்று எண்கள்: ஒன்பது, ஒன்பது, ஒன்பது! தொழிலுக்கு 9 விழுக்காடு வரி, வருமானத்துக்கு 9, விற்பனைக்கு 9. சிக்கலான வரிச் சட்டங்கள் அத்தனைக்கும் ஒரே மாற்று என்றார். எதுகை மோனைபோல் எண்ணுக்கும் கவர்ச்சி உண்டு. அக்டோபரில் கருத்துக் கணிப்புகளில் முன்னணிக்கு வந்தார். நவம்பரில் ஓர் ஏட்டின் ஆசிரியர் குழு கேட்டது: லிபியா நாட்டுச் சிக்கலில் ஒபாமா செய்ததை ஏற்கிறீரா? மேலே பார்த்தார், கீழே பார்த்தார். 'லிபியா...' என்றார், நிறுத்தினார். தலைக்குள் என்னென்னவோ சுழல்கிறது என்றார். நாட்டின் போர்ப்படைக்குத் தலைமை ஏற்க வந்தவர், அந்தப் படையின் விமானங்கள் அதே ஆண்டில் குண்டு வீசிய நாட்டைப் பற்றித் தடுமாறினார்! பெண்கள் சிலர் சாட்டிய குற்றங்களும் சேர்ந்தன, அவர் மறுத்தார், ஆயினும் டிசம்பர் 3 அன்று அவர் ஓட்டம் நின்றது.

பிறகு கிங்ரிச், பிறகு சாண்டோரம். ஒவ்வொருவருக்கும் ஒரு பருவம். கடைசியில் எல்லாத் தீயும் அணைந்தபின் நின்றவர், யாரையும் பெரிதாகக் கவராதவர் என்று பேசப்பட்ட மிட் ராம்னி!

ஏன் இப்படி? மக்கள் மதியற்றவர்களா? அல்லர், தோழர்களே! அந்த ஏளனத்தை என்றும் வாயில் வைக்காதீர்கள். ஜான் சைட்ஸ், லின் வாவ்ரெக் என்ற இரு ஆய்வாளர்கள் அந்தத் தேர்தலை ஆராய்ந்து 2013இல் ஒரு நூல் வெளியிட்டனர். இந்த ஏற்ற இறக்கத்துக்கு மூன்று படிகள் வகுத்தனர்: கண்டெடுத்தல், துருவுதல், தேய்தல். ஒருவர் எதையோ சொல்கிறார் அல்லது செய்கிறார், செய்தியாளர் கண்டெடுக்கின்றனர், எங்கும் அவர் பெயர். பெயர் கேட்ட மக்கள், கணிப்பில் அந்தப் பெயரைச் சொல்கின்றனர். உயர்ந்ததும் துருவல் தொடங்குகிறது: பழைய பேச்சு, பழைய கணக்கு, பழைய வாழ்வு. துருவத் துருவப் பெயர் தேய்கிறது. புதியவரைத் தேடிச் செய்தி போய்விடுகிறது.

இங்கே ஒன்றைக் குறித்துக் கொள்ளுங்கள். அந்த மக்கள் அவரை நேசிக்கவில்லை, அறிந்திருந்தனர், அவ்வளவே! அறிமுகத்தை ஆதரவு என்று எண்ணியவன், கூட்டத்தைக் கொள்கை என்று எண்ணியவன் ஆவான். கைதட்டல் வேறு, கைகோத்தல் வேறு.

சரி, நாச்சறுக்கலுக்கு வருவோம். சறுக்கல் எல்லாம் ஒரே சாதி அன்று. அதைப் பகுத்தறிய வேண்டும்.

பேசியவன் சறுக்காமலே சறுக்கினான் என்று சாட்டப்படுவது ஒரு வகை. 2004 சனவரி 19, ஐயோவா. ஈராக் போரை எதிர்த்து எழுந்தவர் ஹோவர்டு டீன். வெர்மாண்டு மாநிலத்தின் முன்னாள் ஆளுநர். சிறு தொகைகளாக எளிய மக்களிடம் நிதி திரட்டிக் காட்டியவர். அன்றைய வாக்கெடுப்பில் அவருக்கு மூன்றாம் இடந்தான். சோர்ந்து நின்ற தொண்டர் கூட்டத்துக்குத் தெம்பூட்ட, நாம் செல்லப் போகும் மாநிலங்கள் இவை இவை என்று அடுக்கி, முடிவில் ஓர் உற்சாகக் கூச்சல் எழுப்பினார். கூடத்தில் இருந்தோர்க்கு அது கூச்சலாகவே படவில்லை. காரணம், அவர்கள் போட்ட கூச்சல் அதைவிடப் பெரிது! ஆனால் அவர் கையிலிருந்த ஒலிவாங்கி சுற்றுப்புற ஓசையை விலக்கிவிட்டு அவர் குரலை மட்டும் எடுத்தது. தொலைக்காட்சியில் ஆயிரவர் ஆரவாரம் இல்லை. ஒரு மனிதன் தனியே கத்துகிறான்! நான்கே நாட்களில் நூற்றுக்கணக்கான முறை அதைக் காட்டினர். டீன் அந்தக் கூச்சலால் வீழ்ந்தார் என்பர். இல்லை! கூச்சலுக்கு முன்பே வாக்கெடுப்பில் தோற்றுவிட்டார். வீழ்ந்துகொண்டிருந்தவர்மேல் வெளிச்சம் பாய்ச்சினர், அவ்வளவே.

அவருக்கும் முன்னே எட்மண்டு மஸ்கி. 1972 பிப்ரவரி, நியூ ஹாம்ப்ஷயர். கொட்டும் பனி. தம் துணைவியாரை இழிவாக எழுதிய ஏட்டின் அலுவலகத்தின் முன்னாலேயே நின்று கண்டித்தார். குரல் தழுதழுத்தது. கன்னத்தில் ஈரம்! அழுதார் என்று எழுதினர் செய்தியாளர். உருகிய பனி என்றார் அவர். கண்ணீரேயாயினும் என்ன? மனைவிக்காகக் கலங்கிய கணவன் கோழையா? அந்தத் தேர்தலில் 46 விழுக்காடு பெற்று அவர்தான் வென்றார். எதிர்பார்த்த அளவு வெல்லவில்லை என்று வென்றவரையே தோற்றவராக்கினர். அவர்மேல் அதே ஏடு வெளியிட்ட ஒரு பழிக் கடிதம், நிக்சன் ஆட்களின் சூழ்ச்சி வேலை என்று பின்னர், வாட்டர்கேட் ஊழலைத் துருவிய செய்தியாளர் எழுதினர்.

உண்மையைச் சொன்னதற்காகவே சறுக்கினான் எனப்படுவது மற்றொரு வகை. இது கொடிது! 1967இல் மிச்சிகன் ஆளுநராயிருந்தவர் ஜார்ஜ் ராம்னி, மிட் ராம்னியின் தந்தை. குடியரசுக் கட்சியில் முன்னணியில் இருந்தவர். வியட்நாம் போரை முதலில் ஆதரித்தவர், பின்னர் ஐயுற்றார். ஏன் மாறினீர் என்று தொலைக்காட்சியில் கேட்டபோது, 1965இல் நான் அங்கே சென்றபோது நம் தளபதிகளும் தூதர்களும் எனக்கு மூளைச் சலவை செய்துவிட்டனர் என்றார். போயிற்று! மூளையைச் சலவைக்குப் போட்டவனா நமக்குத் தலைவன் என்று நாடு நகைத்தது. 1968 பிப்ரவரி இறுதியில், முதல் வாக்குப் பதிவுக்கு முன்பே விலகினார். மூன்றாண்டுகள் கழிந்தன. 1971இல் பென்டகன் ஆவணங்கள் வெளிவந்தன. வியட்நாம் பற்றி அமெரிக்க அரசு தன் மக்களிடமே மெய்யை மறைத்து வந்தது எழுத்திலேயே தெரிந்தது. நகைத்தவர் யாரும் ராம்னியிடம் சென்று மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை! அரசியல்வாதி வாய் தவறி உண்மையைச் சொல்லிவிடுவதற்குப் பெயர்தான் உளறல் என்று மைக்கேல் கின்ஸ்லி என்ற இதழாளர் பிற்காலத்தில் வகுத்த இலக்கணத்துக்கு, இதைவிட எடுத்துக்காட்டு வேண்டுமா?

மகன் எச்சரிக்கையானவர். தந்தை வீழ்ந்ததைக் கண்டு வளர்ந்தவர். மேடையில் அளந்து அளந்து பேசி 2012இல் கட்சியின் வேட்பாளரும் ஆனார். ஆனால் செல்வர்கள் கூடிய விருந்தொன்றில், மக்களில் 47 விழுக்காட்டினர் அரசை அண்டி வாழ்பவர், அவர்களைப் பற்றிக் கவலைப்படுவது என் வேலையன்று என்ற பொருள்படப் பேசினார். ஒருவர் ஒளித்துப் படம் பிடித்திருந்தார். செப்டம்பரில் அது வெளிவந்தது. தந்தை மேடையில் உண்மை பேசித் தோற்றார். மகன் மறைவில் மனத்தைத் திறந்து மாட்டிக்கொண்டார். இது நாச்சறுக்கல் அன்று, உள்ளக் கிடக்கை. இதை மக்கள் மறக்காதது முறையே!

இன்னொரு வகை, நம் போன்றவர்கள் கூர்ந்து கேட்க வேண்டியது: தவறே இல்லாத பேச்சால் வரும் தவறு! 2016 பிப்ரவரி 6, நியூ ஹாம்ப்ஷயர் சொற்போர் மேடை. மார்க்கோ ரூபியோ, இளைஞர், இனிய பேச்சாளர், ஐயோவாவில் மூன்றாம் இடம் பெற்று ஏறுமுகத்தில் இருந்தவர். ஒபாமாவைப் பற்றி ஒரு வாக்கியம் சொன்னார். கிறிஸ் கிறிஸ்டி இடைமறித்து, இது மனப்பாடம் செய்த பேச்சு என்றார். மறுக்க வேண்டிய ரூபியோ என்ன செய்தார்? அதே வாக்கியத்தை மீண்டும் சொன்னார்! இதோ மறுபடியும் வந்துவிட்டது என்று கிறிஸ்டி சுட்டிக் காட்டினார். ரூபியோ மறுபடியும் அதையே சொன்னார்! நாடகத்தில் வசனம் மறந்த நடிகனை நான் மன்னிப்பேன். எதிரே நிற்பவன் என்ன பேசினாலும் தன் வசனத்தையே ஒப்பிப்பவனை மன்னிக்கமாட்டேன். ரூபியோவுக்கு அங்கே ஐந்தாம் இடம். சிக்கவைத்த கிறிஸ்டிக்கோ ஆறாம் இடம்; மறுநாள் போட்டியிலிருந்தே விலகினார். பிறர் சறுக்கலைக் காட்டுபவன் அதனாலேயே உயர்ந்துவிடுவதில்லை என்பதையும் சேர்த்துப் படித்துக் கொள்ளுங்கள்.

அந்தப் பாடத்தை அதே ஆண்டு இன்னும் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டிற்று. 2015 சூலை 18. அதே ஏம்ஸ் நகரம். டொனால்டு டிரம்ப் பேசினார். வியட்நாமில் ஐந்தாண்டுகளுக்கு மேல் சிறைப்பட்டுக் கிடந்த ஜான் மெக்கெயினை, பிடிபட்டவரெல்லாம் வீரரா, பிடிபடாதவரையே எனக்குப் பிடிக்கும் என்ற பொருள்பட இகழ்ந்தார். இத்தோடு தீர்ந்தார் என்று எழுதினர் அறிஞர். தீரவில்லை. அடுத்த சனவரியில், நடுத்தெருவில் நின்று ஒருவரைச் சுட்டாலும் என் வாக்கு குறையாது என்றார். குறையவில்லை! பிறருக்கு ஒரு 'அடடே' எமனாயிற்று. இவருக்கு அம்புகள் மாலையாயின. எப்படி?

பெரியை மக்கள் அப்போதுதான் பார்க்கத் தொடங்கியிருந்தனர்; டிரம்ப்பையோ பல்லாண்டுகளாகத் தொலைக்காட்சியில் கண்டிருந்தனர். போட்டியாளர் பலராயிருந்ததால் எதிர்வாக்குச் சிதறிற்று. முதனிலைத் தேர்தல்களின் மொத்த வாக்கில் ஏறத்தாழ 45 விழுக்காடே பெற்று அவர் வேட்பாளரானார். இவற்றோடு இன்னொன்று. ஆலைகள் மூடிக் கிடந்த ஊர்களில், எங்களை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்று குமுறிக் கொண்டிருந்தோர், அவர் பேச்சில் பிழையைக் கேட்கவில்லை. தங்கள் சினத்தைக் கேட்டனர். அந்தச் சினத்துக்கு அவர் காட்டிய வழி சரியா என்று கேட்டிருக்க வேண்டிய எதிரணியினர், அவர் உளறினார், உளறினார் என்று பட்டியல் போட்டுக் கொண்டிருந்தனர். பட்டியல் நீண்டது. 2016இலும் அவர் வென்றார், 2024இலும் வென்றார். ஏளனம் வாதம் ஆகாது, தோழர்களே! எதிரியின் நாக்கு தவறியதைக் கொண்டாடுபவன், எதிரியின் பின்னே நிற்கும் மக்களின் குறையை ஆராய மறந்துபோகிறான்.

வேர் உள்ளவன் சறுக்கினாலும் எழுவான் என்பதற்கும் சான்று உண்டு. 1987இல் ஜோ பைடன், பிரிட்டிஷ் தொழிற்கட்சித் தலைவர் நீல் கின்னக்கின் பேச்சை, அவர் பெயரைச் சொல்லாமல் தம் பேச்சாகப் பேசிவிட்டார். இரவல் பேச்சு அம்பலமானது. செப்டம்பரில் விலகினார். 2008இல் மீண்டும் முயன்றார். ஐயோவாவில் ஒரு விழுக்காடுகூட இல்லை. 2020இல் மூன்றாம் முறை. ஐயோவாவில் நான்காம் இடம், நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாம் இடம். முடிந்தது கதை என்றனர். ஆனால் தென் கரோலினாவில், பல்லாண்டுப் பழக்கத்தால் அவரை அறிந்த கறுப்பின மக்கள் பிப்ரவரி 29 அன்று திரண்டு வாக்களித்தனர். அலை திரும்பிற்று, 2021 சனவரியில் பதவியேற்றார். 33 ஆண்டுகளுக்கு முந்திய சறுக்கல் அவரைத் தடுக்கவில்லை. அவரையே 2024 சூன் 27 மேடை வீழ்த்திற்று என்பதும் மெய். அன்று தடுமாறியது ஒரு சொல் அன்று. அவர் முதுமை பற்றி மக்கள் மனத்தில் முன்பே இருந்த ஐயம் மேடையேறி நின்றது. 24 நாட்களில் விலகினார். சறுக்கல் நோயாகவும் இருக்கலாம், நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். பகுத்துப் பார்ப்பதுதான் நம் கடமை.

இனி என் கதையையும் சொல்லிவிடுகிறேன். பிறர் சறுக்கலைப் பேசியவன் தன் சறுக்கலை மறைத்தால் அது நேர்மையாகாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூரில் உள்ளாட்சித் தேர்தல் கூட்டம். அன்று எனக்கு நான்காவது மேடை. தொண்டை கட்டியிருந்தது, கூட்டமோ கட்டுக்கடங்கவில்லை. அடுக்கு மொழியில் ஆர்ப்பரித்து, உச்சக் கட்டத்தில் கையை உயர்த்தி, வாக்களிப்பீர் என்று முழங்கினேன். முழங்கிய சின்னம் எங்கள் சின்னம் அன்று, எதிரணியின் சின்னம்! ஒரு கணம் அமைதி. பிறகு சிரிப்பு. எங்கள் வேட்பாளர் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் துணிவில்லை. இரவெல்லாம் உறக்கம் இல்லை.

விடியற்காலையில் தேநீர்க் கடைக்குச் சென்றேன், ஏளனத்தை எதிர்பார்த்து. பெஞ்சில் ஒரு முதியவர், கைத்தறி நெசவாளர். பக்கத்தில் இடம் விட்டார். "சின்னம் மாறிப் போச்சேன்னு கவலைப்படாதே தம்பி. எங்களுக்குச் சின்னம் தெரியும். ஒன்றரை மணி நேரம் பேசினியே, எங்க தெருவுக்கு எட்டு நாளா தண்ணி வரலையே, அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசினியா?"

தோழர்களே, அந்த ஒரு கேள்வியின் முன்னே நான் கற்ற அடுக்கு மொழி அத்தனையும் உதிர்ந்தது! நான் வாய் தவறிச் சொன்னது ஒரு சொல். சொல்லாமல் விட்டது ஒரு தெருவின் தாகம். ஊர் சிரித்தது முன்னதற்கு. நான் வெட்கப்பட வேண்டியதோ பின்னதற்கு.

இப்போது முடிச்சை அவிழ்க்கிறேன். ரிக் பெரி மறந்த அந்த மூன்றாவது துறை எது?

எரிசக்தித் துறை!

எண்ணெயும் மின்சாரமும் பார்க்கும் துறை என்றுதானே பெயர் சொல்கிறது? அமெரிக்காவின் அணுகுண்டுகளை உருவாக்குவதும், அவை பழுதாகாமல் பேணுவதும் அந்தத் துறையின் பொறுப்பு. உலகையே சாம்பலாக்கவல்ல படைக்கலங்கள் அவை! அதை ஒழிக்கப் போவதாகச் சொன்னார் பெரி. பெயர் வரவில்லை. சிரித்தது நாடு. அவருக்கு முதுகில் அறுவைச் சிகிச்சை நடந்து அப்போது சில திங்களே ஆகியிருந்தன. களைத்த மனிதனின் நினைவு ஒரு நொடி இடறுவது மனித இயல்பு. மன்னிக்கத்தக்க மறதியை மன்னிக்காத நாடு, கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டதா? ஐயா, அந்தத் துறையை ஒழித்தால் அணுகுண்டுகளை யார் பார்ப்பார்? கல்வித் துறையை ஒழித்தால் ஏழை மாணவனுக்கு உதவித் தொகை எங்கிருந்து வரும்? அவை பெருங் கேள்விகள். சிரிப்பில் அமுங்கிவிட்டன.

ஐந்தாண்டுகளுக்கு மேல் உருண்டன. 2017இல், அதே பெரியை, அதே எரிசக்தித் துறைக்கே அமைச்சராக அமர்த்தினார் டிரம்ப்! கற்பனையில் நான் இப்படி ஒரு காட்சி எழுதியிருந்தால், நம்பும்படி இல்லை என்று நீங்களே தள்ளியிருப்பீர்கள். பதவியேற்குமுன் செனட் சபைக் குழுவின் முன் வந்து நின்றவர் ஒப்புக்கொண்டார்: இந்தத் துறையின் பணிகளை இப்போது அறிந்துகொண்டேன், ஒழிக்கச் சொன்னதற்காக வருந்துகிறேன் என்று.

அறிந்துகொண்டாராம், இப்போது! ஆக, 2011 மேடையில் அவர் மறந்தது பெயரை, அறியாதிருந்தது பொருளை. மறதிக்குத் தண்டனை கிடைத்தது. அறியாமைக்கு ஐந்தாண்டுகளுக்கு மேல் எந்தக் கேள்வியும் இல்லை, முடிவில் அமைச்சர் பதவியும் கிடைத்தது!

மேடையேறப் போகும் தோழர்களே! வள்ளுவப் பெருந்தகை சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அவையறிதலுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அவையஞ்சாமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். சொல்லைக் கற்கச் சொன்னதோடு, கேட்பவரை அறியவும் சொன்னார். நாக்கு சறுக்கும், சறுக்கினால் திருத்திக்கொண்டு மேலே பேசுங்கள், குடி மூழ்காது. ஆனால் பேசப் போகும் பொருளை அறியாமல் மேடை ஏறாதீர்கள். எந்தத் திட்டத்தை ஒழிப்போம் என்கிறீர்களோ, அது யாருக்குச் சோறு போடுகிறது என்று தெரிந்துகொண்டு பேசுங்கள். எந்த ஊருக்குப் போகிறீர்களோ, அந்த ஊர்க் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று கேட்டுவிட்டு ஒலிவாங்கியைத் தொடுங்கள்.

மேடையின் கீழே அமர்ந்து கேட்கும் நண்பர்களே! உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். மேலே நிற்பவன் தடுமாறினால் சிரியுங்கள், தவறில்லை. சிரிப்பும் மக்களின் உரிமைதான். ஆனால் சிரித்து முடித்த பிறகு எழுந்து போய்விடாதீர்கள். அவன் தடுமாறாமல் சொன்னானே, முதலாவது, இரண்டாவது, அவற்றைப் பற்றிக் கேளுங்கள். அவன் மறந்துபோன மூன்றாவதைப் பற்றியும் கேளுங்கள்.

அந்தக் கேள்வியை அன்று என்னிடம் கேட்டவர் ஒரு நெசவாளர். கூட்டம் முடிந்து ஒன்பதாம் நாள் அந்தத் தெருவுக்குத் தண்ணீர் வந்தது. என் பேச்சால் அன்று. அவரும் தெருவாரும் குடங்களோடு சென்று அலுவலக வாயிலில் நின்றதால்!